கை வீசி வருகிறவர் ஒதுங்கவும்

கையை வீசிக்கொண்டு நடக்கிறவர்களை அந்த அக்காவுக்குப் பிடிக்காது. கோபம் ஒன்றுமில்லை. ஒரு பொருட்டாக நினைக்க மாட்டார், அவ்வளவுதான். தலையில் மூட்டையோ இடுப்பில் குழந்தையோ கையில் பையோ இல்லாமல் ஒருவர் வந்தால், அவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அக்காவுக்கு அவர் ஓரமாக நிற்க வேண்டியவர்.

பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் யாராவது படித்துக் காட்டிவிடுவார்கள். "எம் பேரை எதுக்கு இழுத்த" என்று மரக்காணம் மார்க்கெட்டில் வைத்தே என்னைப் பிடித்துக்கொள்வார். அங்கே மீன் வாங்க வந்த கூட்டம் முழுக்க நின்று வேடிக்கை பார்க்கும். எனக்கு அது தேவையா?

நான் அவரைப் பார்த்தது மரக்காணத்தில் இல்லை. நகரத்தின் தெற்கு ஓரத்தில், மெட்ரோ ரயிலின் கடைசி ஸ்டேஷனில். ரயில் பூமிக்கடியில் வந்து நிற்கும். படியேறி மேலே வந்தால் ஒரு பக்கம் பேருந்து நிலையம், ரோட்டுக்கு அந்தப் பக்கம் மின்சார ரயில். செங்கல்பட்டு, திண்டிவனம், பாண்டிச்சேரிப் பக்கத்திலிருந்து வருகிற ஜனம் மொத்தமும் பஸ்ஸை விட்டு இறங்கி, இந்த ஒரு வாசல் வழியாகத்தான் ஊருக்குள் போக வேண்டும். காலை எட்டு மணிக்கு அந்த வாசலில் நின்று பார்த்தால் ஊரே ஏதோ ஒன்றிலிருந்து தப்பித்து ஓடுவதாகத் தோன்றும். நான் அங்கே டிக்கெட் கவுண்டரில் இருந்தேன். என் கண்ணாடிக்கு நேர் எதிரே படிக்கட்டு, அதன் பக்கத்தில் எஸ்கலேட்டர், அதற்கு அடுத்து லிப்ட். லிப்ட் வாசலில் அக்கா.

அவர் ஒப்பந்தக் கம்பெனியின் காவலாளி. நாற்பத்தைந்து வயதிருக்கும். பேண்ட், சட்டை, தொப்பி எல்லாம் அந்த வேலைக்கு வந்த பிறகுதான் முதல்முதலாகப் போட்டாராம். கழுத்தில் ஒரு விசில் தொங்கும். அதை அவர் ஊதி நான் கேட்டதே இல்லை. கேட்டால், தெய்வம் வாய் கொடுத்திருக்கும்போது பிளாஸ்டிக் எதற்கு என்பார். வாய் என்றால் சாதாரண வாய் இல்லை. இரண்டு தளம் கீழே பிளாட்பாரத்தில் நிற்கிறவனும் திரும்பிப் பார்ப்பான்.

சேர்ந்த முதல் வாரமே பஞ்சாயத்து. லிப்டில் கழுத்துப்பட்டை அடையாள அட்டையோடு நாலு பேர் ஏறி, கதவு மூடப் போகிறது. அந்த நேரம் பூக்கூடையோடு ஒரு அம்மா வந்தார். அக்கா கதவுக்கு நடுவில் காலை வைத்து, அந்த நாலு பேரையும் இறங்கச் சொன்னார். அவர்கள் ஏன் என்றார்கள். "அவங்க கையில சுமை இருக்குது. நீங்க சும்மாத்தான வர்றீங்க, படியில போங்க." நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இறங்கிப் போனார்கள். ஏன் இறங்கினோம் என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது. அந்தக் குரலில் இரண்டாவது பேச்சுக்கு இடமில்லை.

இன்னொரு நாள் எங்கள் ஸ்டேஷன் பொறுப்பாளரையே நிறுத்திவிட்டார். அவர் நல்ல மனிதர், கொஞ்சம் பருமன், முட்டிவலிக்காரர். லிப்டுக்கு வந்து நின்றவரை, பின்னால் தள்ளுவண்டியோடு ஒருவர் வருகிறார் என்று ஓரங்கட்டினார். நான் கவுண்டருக்குள் இருந்து தலையில் அடித்துக்கொண்டேன். பொறுப்பாளர் லிப்ட் திரும்பி வருகிறவரை காத்திருந்தார். பிறகு என்னிடம் வந்து, உங்க ஊர்ல எல்லாரும் இப்படித்தானா என்று கேட்டார். எங்க ஊரில் எல்லோரும் இப்படி இல்லை சார், இது தனி உருப்படி என்றேன்.

உண்மையில் எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. நானும் பிறந்தது வளர்ந்தது எல்லாம் அக்காவின் ஊரான மரக்காணம்தான். ஆனால் அப்பா சர்க்கார் உத்தியோகம், வீடு கோயில் தெருவில். பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை, மறைக்கல்வி வகுப்பு என்று வளர்ந்தவள். உப்பளத்தைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. வார விடுமுறைக்கு ஊருக்குப் போகும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து அக்கா சொல்லித்தான் எனக்கு விவரம் புரிந்தது. வேலை நேரத்தில் என்னை 'மேடம்' என்பவர் பஸ் ஏறியதும் 'ஏம்மா' என்று மாறிவிடுவார்.

அவர் இருபது வருஷம் உப்பளத்தில் கூடை சுமந்தவர். உப்புப் பாத்திக்கும் தண்ணீர் வாய்க்காலுக்கும் நடுவே வரப்பு. ஒரு ஆள் நடக்கிற அகலம்தான். வாரிய உப்பைக் கூடையில் வைத்து, தலையில் ஏற்றி, அந்த வரப்பில் வரிசையாக நடந்து மேட்டில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, அதே வரப்பில் வெறுங்கூடையோடு திரும்பி வர வேண்டும். எதிரும் புதிருமாக வந்தால்? வெறுங்கை ஆள் வாய்க்கால் பக்கம் இறங்கி நிற்க வேண்டும். பாத்திப் பக்கம் இறங்கக் கூடாது, கால் சேறு பட்டால் உப்பு கெட்டுவிடும். சுமை ஆள் நிற்கவே கூடாது. நின்றால் ஈரக்கூடையிலிருந்து உப்புத்தண்ணீர் கண்ணில் வழியும், கழுத்து இறுகிவிடும், மறுபடி முதல் அடி எடுத்து வைப்பதற்குள் உயிர் போய்விடும். அதனால் சுமைக்குத்தான் வழி. யார், எவர் என்று கேள்வி கிடையாது. உப்பளத்து முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தாலும், கூடை எதிரே வந்தால் அவரும் வாய்க்காலில் இறங்கித்தான் ஆக வேண்டும். தன் முதலாளியை அப்படி இறங்க வைத்ததைச் சொல்லும்போது அக்காவுக்கு வாயெல்லாம் பல்.

"அங்க எல்லாருக்கும் தெரியும்மா. இங்க படிச்சவங்களுக்குத்தான் தெரியல, சொல்லிக் குடுக்க வேண்டியிருக்குது" என்று ஒரு பெருமூச்சு விடுவார். நகரத்துக்கே பாடம் எடுக்க வந்தவர் மாதிரி.

அந்தக் கூடைதான் அவர் கழுத்தைத் தின்றது. இடது பக்கம் தலையைத் திருப்ப முடியாது. யாராவது அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டால் உடம்பு மொத்தத்தையும் திருப்பித்தான் பார்ப்பார். பெரியாஸ்பத்திரி டாக்டர், எலும்பு தேய்ந்து நரம்பை அழுத்துகிறது, இன்னொரு தடவை தலையில் சுமை ஏற்றினால் இடது கை செயலிழந்துவிடும் என்று சொல்லியிருந்தார். வீட்டுக்காரர் இல்லை. இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்தாயிற்று, அவர்கள் பாடே அவர்களுக்குப் பெரும்பாடு. நாலாவது வரை படித்தவருக்கு நின்றுகொண்டு பார்க்கிற இந்தக் காவல் வேலை கிடைத்தது பெரிய விஷயம். "இது போச்சுன்னா திரும்ப வரப்புதாம்மா" என்று அவர் சொன்னதுண்டு. அழுகுரலில் இல்லை, பஸ் நேரம் சொல்கிற மாதிரிதான் சொன்னார். 

சுமையைக் கண்ணால் எடைபோடுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஒருநாள் வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் சின்னத் துணிப்பை ஒன்றோடு வந்தார். அரைக் கிலோ சர்க்கரை அளவுகூட இருக்காது. அவருக்கு முன்னால் இரண்டு பெரிய சூட்கேஸோடு ஒரு குடும்பம். அக்கா சூட்கேஸ்காரர்களை நிறுத்திவிட்டு அவரை முதலில் விட்டார். நான் பிறகு கிண்டலாகக் கேட்டேன், அந்தப் பையில் என்ன பாறாங்கல்லா இருந்தது என்று. அவர் அந்தப் பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தாராம், ஆற்றில் கரைக்க எடுத்துப்போகிற அஸ்தி அது என்றார். அவரிடம் கேட்டீங்களா என்றேன். இதையெல்லாம் கேட்பார்களா என்று என்னைத் திருப்பிக் கேட்டார். அன்றிலிருந்து அவரைக் கிண்டல் செய்வதைக் குறைத்துக்கொண்டேன். நிறுத்தினேன் என்று சொல்ல மாட்டேன்.

பிறகு எஸ்கலேட்டர் கெட்டது. ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்று நீலத் தார்ப்பாய் கட்டினார்கள். மாசக்கணக்கில் அந்தத் தார்ப்பாய்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ஏறுகிறவர்கள் இறங்குகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே படிக்கட்டு. தினமும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு திட்டு, சண்டை. மூன்றாவது நாள் அக்கா லிப்டை விட்டுவிட்டுப் படிக்கட்டின் நடுத் திருப்பத்தில் போய் நின்றுகொண்டார். யாரும் சொல்லவில்லை. கைப்பிடி ஓரம் சுமைக்கு, வெறுங்கை ஆட்கள் சுவர் ஓரம், எதிரே சுமை வந்தால் வெறுங்கை நிற்க வேண்டும். "சுமை வருது, ஒதுங்கு" என்று ஒரு குரல் விட்டால் ஏறுகிற கூட்டம் அப்படியே சுவரோடு ஒட்டும். நம்புங்கள், பத்தே நாளில் அந்தப் படிக்கட்டில் சண்டை நின்றது.

நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? ஒருவர் தினமும் பெரிய டிராலிப் பெட்டியோடு வர ஆரம்பித்தார். கைப்பிடி ஓரமாக ராஜா மாதிரி இறங்கிப் போவார். நாலாவது நாள் அக்கா அந்தப் பெட்டியின் கைப்பிடியில் ஒரு விரலைக் கொடுத்துத் தூக்கினார். பெட்டி அப்படியே மேலே வந்தது. "உள்ள என்னா சார், காத்தா?" என்று கேட்டார். படிக்கட்டு மொத்தமும் சிரித்தது. அந்த மனிதர் அதற்குப் பிறகு மின்சார ரயிலில் போக ஆரம்பித்துவிட்டார் என்று கேள்வி.

இப்படியாக அவர் சொன்னதே சட்டம் என்று நடந்துகொண்டிருந்தது. எனக்கும் அதில் ஒரு பெருமை. எங்க ஊர் அக்கா என்று கூட வேலை செய்கிறவர்களிடம் அலட்டிக்கொள்வேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, எனக்கு டூட்டி. முகூர்த்த நாள் வேறு. ஞாயிற்றுக்கிழமை ரயில் நேரம் விட்டுத்தான் வரும், ஒன்றை விட்டால் கால் மணி நேரம் நிற்க வேண்டும். கீழே ரயில் வந்து நிற்கிற அறிவிப்புக் கேட்டது. ஒரு கல்யாணக் குடும்பம் பித்தளை அண்டா, குத்துவிளக்கு, சீர்வரிசைத் தட்டு எல்லாம் தூக்கிக்கொண்டு கீழேயிருந்து படியேறிக்கொண்டிருந்தது. அப்போது மேலேயிருந்து ஒருவன் ஓடி வந்தான். முப்பது, முப்பத்திரண்டு வயது. வெள்ளைச் சட்டை. கையில் ஒன்றுமே இல்லை.

அக்கா கையை நீட்டி அவன் மார்பில் வைத்து நிறுத்தினார். அவன் கெஞ்சினான். சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துக் காட்டினான். அக்கா அதைப் பார்க்கவே இல்லை, அண்டாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாருக்கும் அவசரம்தான், ரெண்டு நிமிஷம் நில்லு என்று அவர் சொன்னது எனக்கே கேட்டது. அண்டா போயிற்று, குத்துவிளக்கு போயிற்று, தட்டுகள் வரிசையாகப் போயின. கடைசித் தட்டு கடந்த பிறகு கையை எடுத்தார். அவன் பாய்ந்து ஓடினான். கீழே ரயில் கதவு மூடுகிற மணி அடித்து ஓய்ந்தது.

மதியம் அவன் திரும்பி வந்தான். நேராக என் கவுண்டருக்கு வந்து புகார்ப் புத்தகம் கேட்டான். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு கொடுத்திருப்பேன், எனக்கும் சுலபமாக இருந்திருக்கும். நின்றபடியே எழுதினான். அச்சடித்த மாதிரி கையெழுத்து. ஊர் பெருமுக்கல் என்று போட்டிருந்தது. எங்கள் ஊரிலிருந்து திண்டிவனம் போகிற வழி. அரசு வேலைக்கான தேர்வு. வயது வரம்பில் அவனுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. விடியுமுன் கிளம்பியும் பஸ் வழியில் நின்றுவிட்டது. தேர்வு மையத்தின் கேட்டை அவன் கண்ணெதிரே பூட்டினார்கள், ரெண்டு நிமிஷத்தில் போயிற்று. 'கையை வைத்துத் தடுத்தார். நுழைவுச் சீட்டைக் காட்டியும் விடவில்லை' என்று முடித்திருந்தான்.

அவன் போன பிறகு அக்காவைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். முதலில் அவர் நம்பவில்லை.

"எக்ஸாமுக்குப் போறவன் புக்கு, பை, ஒண்ணும் இல்லாம எப்படிம்மா வருவான்?"

"ஒண்ணும் கொண்டுபோகக் கூடாதுக்கா. பை, போன், வாட்ச் எதையும் உள்ள விடமாட்டாங்க. சீட்டும் பேனாவும்தான். அதுக்குப் போற எல்லாருமே வெறுங்கையாத்தான் வருவாங்க."

அவர் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்தார். டூட்டி நேரத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். இருபது வருஷம் தப்பாத கண் அது. கையில் ஒன்றும் இல்லாததே ஒருவனுடைய சுமைக்கு அடையாளமாக இருக்கும் என்று அந்தக் கண்ணுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

ஒப்பந்த ஆட்கள் பயணியைத் தொடவும் கூடாது, தடுக்கவும் கூடாது. நிரூபணமானால் வேலை இல்லை. படிக்கட்டுக் கேமரா தார்ப்பாய்க்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்ததால் அதில் ஒன்றும் பதிவாகவில்லை. ஸ்டேஷன் ஆட்களில் நேரில் பார்த்தது நான் மட்டும். பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டு, பார்த்ததை எழுதிக் கொடு, மூன்று நாளில் விசாரணை என்றார். ஆக, அக்காவின் வேலையும் கழுத்தும் என் பேனா முனையில் வந்து நின்றன.

நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. 'காவலாளி பயணியைத் தொடவில்லை, தடுக்கவில்லை. கூட்டம் காரணமாக அவர் தானாக நின்றார்' என்று எழுதினேன். பாவம் என்று எனக்குத் தெரியும், அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டேன். விசாரணைக்கு முதல்நாள் சாப்பாட்டு அறையில் அக்கா, என்ன எழுதியிருக்க, படி என்றார். படித்தேன். கடைசி வரை கேட்டார். பிறகு காகிதத்தை என் கையிலிருந்து வாங்கி நாலாக மடித்துக் கிழித்தார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. உங்களுக்கென்ன பைத்தியமா, திரும்பக் கூடை தூக்கப் போறீங்களா, கை விளங்காமல் போனால் யார் சோறு ஊட்டுவார்கள் என்று கத்தினேன். சாப்பாட்டு அறையில் இருந்தவர்கள் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போனார்கள்.

"நீ இப்படி எழுதினா அந்தப் புள்ள பொய் சொன்னான்னு ஆவுது இல்ல?" என்றார் அக்கா. "பரீட்சையும் போச்சு. இப்ப பொய்காரன்னு பேரும் அவன் தலையில ஏத்தணுமா? நான் கையை வெச்சேன். அப்படியே எழுது."

"வேலை போயிடும்க்கா."

"போவட்டும். இந்தப் பொய்யை வெச்சிக்கினு நாளைக்கி அந்தப் படியில நின்னு நான் யாரை ஒதுங்கச் சொல்றது?"

எழுதினேன். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மார்பில் கை வைத்தார் என்பதை விட்டுவிட்டு 'தடுத்தார்' என்று மட்டும் போட்டதைப் படிக்கச் சொல்லிக் கண்டுபிடித்து, அதையும் சேர்க்க வைத்தார்.

விசாரணையில் பொறுப்பாளர், கம்பெனி மேற்பார்வையாளர், அந்தப் பையன், நாங்கள் இருவர். நான் எழுதியதைப் பொறுப்பாளர் படித்தார். பையன் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நாங்கள் எல்லாம் ஒரே கட்சி, மறுப்போம் என்றுதான் வந்திருப்பான் போல. மேற்பார்வையாளர் அக்காவிடம், சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். அக்கா பொறுப்பாளர் பக்கம் உடம்போடு திரும்பினார். "சார், இதை இன்னொரு காப்பி எடுத்து, ஸ்டேஷன் சீல் போட்டு அவங்கிட்ட குடுங்க. நான்தான் தடுத்தேன், அவன் மேல தப்பில்லன்னு அந்த ஆபீஸ்ல காட்டட்டும். இன்னொரு வாட்டி உக்கார வுடுவாங்க." கேட்கிற தொனி இல்லை அது. லிப்டில் இறங்கச் சொல்கிற அதே குரல்.

பொறுப்பாளர் சீல் போட்டுக் கொடுத்தார். மாலைக்குள் அக்கா தொப்பி, விசில், அடையாள அட்டை எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டார். அன்று மூன்று மணி நேரம் ஒரே பஸ்ஸில் வந்தோம். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கோபம் அவர் மேலா, அந்தப் பையன் மேலா, என் மேலா என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது. மரக்காணத்தில் இறங்கும்போது அவராகவே என் பையை வாங்கி முன்னால் இறங்கினார்.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பையன் என் கவுண்டர் முன்னால் வந்து நின்றான். சீல் வைத்த காகிதம் மடிப்பு மடிப்பாகக் கிழிகிற நிலையில் இருந்தது. தேர்வு அலுவலகத்தில் நாலு தடவை அலைந்திருக்கிறான். தாமதமாக வந்த எல்லாருக்கும் ஒரு காரணம் இருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். வயது வரம்பும் தாண்டியாகிவிட்டது. பிறகு அக்கா எங்கே என்று கேட்டான். அவர் வேலையில் இல்லை என்றேன். எப்போதிலிருந்து என்றான். "நீங்க காப்பி வாங்கிட்டுப் போனீங்களே, அன்னிலேருந்து" என்று வெடுக்கென்று சொன்னேன். அவன் முகம் செத்துவிட்டது. அவங்கள ஒரு தடவை பார்க்கணும் என்றான். இன்னும் என்ன பாக்கி இருக்கு என்று வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

என் அடுத்த விடுமுறை நாளில் அவன் சொல்லிவைத்தபடி திண்டிவனத்தில் காத்திருந்து ஏறிக்கொண்டான். வழியில் பெருமுக்கல் மலை வந்தபோது, இதுதான் எங்க ஊர் என்றான். அதோடு சரி. மரக்காணத்தில் இறங்கி உப்பளத்துப் பாதையில் நடந்தோம். கோடை உச்சம். உப்பு வெளிச்சத்தில் கண் கூசி இரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டே போனோம்.

அக்கா உப்புக் கொட்டகையில் உட்கார்ந்து மூட்டை தைத்துக்கொண்டிருந்தார். வந்து பதினைந்து நாள் கூடை சுமந்திருக்கிறார். டாக்டர் சொன்னது அப்படியே நடந்தது. இடது கை தோளுக்கு மேல் எழவில்லை, விரலில் பிடிமானம் இல்லை. முதலாளி பார்த்துவிட்டு இந்த வேலையில் உட்கார வைத்திருக்கிறார். மூட்டையின் வாயை முழங்காலால் அழுத்திக்கொண்டு, கோணி ஊசியை வலது கையால் குத்தி, நூலைப் பல்லால் இழுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். அவனைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"என்னா சொன்னாங்க ஆபீஸ்ல?"

அவன் தலையாட்டினான். முடியாதென்று விட்டார்கள் என்று நான்தான் சொன்னேன்.  அவன் அக்காவின் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பஸ் முழுக்க மனப்பாடம் செய்துகொண்டு வந்தவன் மாதிரி ஒரே மூச்சில் சொன்னான்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும்னுதான் வந்தேன். அன்னிக்கு நான் டைமுக்குப் போயிருந்தாலும் பாஸ் பண்ணிருக்க மாட்டேன். சரியாப் படிக்கல. அதனால உங்களாலதான் போச்சுன்னு மனசுல வெச்சிக்காதீங்க."

அக்கா உடம்பை முழுசாகத் திருப்பி அவனைப் பார்த்தார்.

"எத்தினி மாசம் படிச்ச?"

"பதினாலு மாசம்."

"வேலைக்குப் போயிக்கினேவா?"

"இல்ல. வேலைய விட்டுட்டுத்தான் படிச்சேன்."

"காலையில எத்தினி மணிக்கு எழுந்துக்குவ?"

"நாலு மணிக்கு."

"அப்புறம் எதுக்குடா பொய் சொல்ற" என்றார் அக்கா. குரல் உயரவில்லை. "நீ பாஸ் பண்ணிருப்ப. நான்தான் கெடுத்தேன்."

 அவன் அப்படியே உப்பு மூட்டையின் மேல் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். கேட்டைப் பூட்டியபோதோ, புகார் எழுதியபோதோ, நாலு தடவை அந்த அலுவலகத்துக்கு அலைந்தபோதோ அழுதிருக்க மாட்டான் என்று பார்த்தாலே தெரிந்தது. பாஸ் பண்ணியிருப்பாய் என்று அதுவரை அவனிடம் ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.  அவன் அழுது முடிக்கிறவரை அக்கா ஊசியைக் கையில் எடுக்கவில்லை.